இறந்தவரின் கடனைக் கேட்டு வந்தவர்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

மனுதாரர் பள்ளிபாளையம் பக்கத்தைச் சேர்ந்தவர். கணவர் விசைத்தறித் தொழிலாளி. 2025ஆம் ஆண்டின் நடுவில் இரவு ஷிப்டில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஈரோட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்கு முன்பே கடன் வசூலிப்பவர்களின் அழைப்பு தொடங்கிவிட்டது.

வட்ட சட்டப் பணிகள் குழுவில் நான் தன்னார்வலராக இருக்கிறேன். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் பேசினாலும் வழி சொல்வார்கள். இது தெரிந்து மனுதாரர் வரவில்லை. ரேஷன் கடை வரிசையில் யாரோ சொல்லி வந்தார். அவர் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் நிறுவனங்களின் பெயரும் இதில் வராது.

ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் இருந்ததை எல்லாம் மேசையில் கொட்டினார். இறப்புச் சான்றிதழ், ஆதார் நகல்கள், பைக்கின் ஆர்.சி. நகல், மகளிர் குழுக் கடனின் சிறிய பாஸ் புத்தகம், மகனின் பள்ளிக் கட்டண ரசீது. கடன் ஒப்பந்தம் ஒன்றுகூட அதில் இல்லை. "மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று சொல்லுங்கள் அண்ணா, தோடு இருக்கிறது, வைத்துக் கட்டிவிடுகிறேன்" என்றார். இப்படி வரும் முக்கால்வாசிப் பேர் கேட்பது இதைத்தான். எவ்வளவு என்று கேட்பார்கள். யாருக்கு, எந்தக் காகிதத்தின் பேரில் என்று கேட்க மாட்டார்கள். வசூல் முகவரின் பலமே அங்கேதான் இருக்கிறது.

மூன்று கடன், மூன்று சட்டம்

பேசப் பேசத் தெரிந்தது: கடன் ஒன்றல்ல, மூன்று.

முதலாவது, கணவர் கைபேசிச் செயலி வழியாக வாங்கிய 60,000 ரூபாய் தனிநபர் கடன். செயலிக்குப் பின்னால் இருந்தது ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்ற நிதி நிறுவனம். இரண்டாவது, பைக் கடன். அது வேறொரு நிறுவனம். மூன்றாவது, மனுதாரர் தம் பெயரிலேயே குழுவில் வாங்கிய கடன். மூன்றும் சேர்ந்து அவர் மனத்தில் "கடன்" என்ற ஒரே மூட்டையாகக் கிடந்தன. சட்டத்தின் கண்ணில் மூன்றுக்கும் சம்பந்தமே இல்லை.

தொல்லை அதிகம் வந்தது முதல் கடனில் இருந்துதான். மனுதாரரின் கைபேசியை வாங்கி அழைப்புப் பட்டியலைப் பார்த்தோம். காலை 6.40க்கு ஓர் அழைப்பு. இரவு 9 மணிக்கு மேல் வேறோர் எண்ணிலிருந்து இன்னொன்று. அவருடைய தம்பிக்கும், கணவர் வேலை பார்த்த தறிப்பட்டறை உரிமையாளருக்கும் பேசியிருந்தார்கள். உரிமையாளரின் எண்ணைக் கணவர் விண்ணப்பத்தில் அறிமுகத்துக்காகக் கொடுத்திருக்க வேண்டும். அவரிடம் "உங்கள் ஆள் ஏமாற்றிவிட்டுச் செத்துப்போய்விட்டான், அவன் கூலிப் பாக்கியை எங்களிடம் கொடுங்கள்" என்று பேசியிருக்கிறார்கள். மனுதாரரிடம் பேசியவர் "அக்கா" என்றுதான் ஆரம்பித்தார். மூன்றாவது அழைப்பில் ஒருமைக்கு இறங்கிவிட்டார். 71,000 ரூபாய் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் போலீஸ் வரும், பையனுக்கு நாளைக்குக் கல்விக் கடன் கிடைக்காது, அவன் சிபில் (கடன் வரலாற்று மதிப்பெண்) போய்விடும் என்றார். தறித் தொழிலாளர் நல வாரியத்திலிருந்து பணம் வருமே, அதைக் கொடு என்றும் கேட்டார். வாரியப் பணத்தைப் பற்றி அவருக்கு இருந்த அறிவு எனக்கு வியப்பாக இருந்தது. மனுதாரருக்கே அதற்கு விண்ணப்பிக்கலாம் என்று அப்போதுதான் தெரியும்.

ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12இல் வெளியிட்ட சுற்றறிக்கை, தவணை தவறிய கடனுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்கிறது. மிரட்டல், திட்டு, ஊரறிய அவமானப்படுத்துதல், ஓயாமல் அழைத்தல், பொய்யான தகவல் சொல்லுதல், கைபேசியிலோ சமூக ஊடகத்திலோ தகாத செய்தி அனுப்புதல் எல்லாவற்றையும் அது தடுக்கிறது. கடனாளியின் குடும்பத்தார், நண்பர்கள், அறிமுகம் கொடுத்தவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்திலும் கை வைக்கக் கூடாது. ஆக, தறி உரிமையாளருக்குப் போன அந்த ஓர் அழைப்பே தனி மீறல். துக்கம் நடந்த வீட்டை அந்த நேரத்தில் தவிர்க்க வேண்டும் என்று இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரி நெறிமுறையே சொல்கிறது. எழுதிவைத்ததில் குறை ஒன்றும் இல்லை.

இது யாருடைய கடன்?

நேரம் தவறிய அழைப்பைப் பற்றிய புகார் இரண்டாவது வேலை. கடன் மனுதாரருடையதுதானா என்று பார்ப்பதே முதல் வேலை. மனைவி என்பதால் கணவரின் கடன் தானாக அவர் தலையில் வந்து விழாது. அவர் இணைக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை என்றால், கணவர் விட்டுச் சென்ற சொத்தின் மதிப்பு வரைக்கும்தான் வாரிசுகளிடம் கேட்க முடியும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. நீதிமன்றத் தீர்ப்பே வந்தாலும் இறந்தவரின் சொத்திலிருந்துதான் வசூலிக்கலாம். வாரிசின் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து அல்ல.

அப்பாவின் கடனை மகன் தீர்த்தே ஆக வேண்டும் என்பது பழைய இந்துச் சட்டத்தில் இருந்தது. 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் அதை எடுத்துவிட்டது. எடுத்தது தெரியாமல் இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் மகன்கள் நம் ஊர்களில் ஏராளம். கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மானத்துக்காகக் கட்டுகிறவர் கட்டட்டும். கட்டாயம் என்று நம்பிக் கட்டுவது வேறு.

இந்தக் கணவர் விட்டுச் சென்ற சொத்து: தவணை முடியாத ஒரு பைக், வங்கியில் நாலாயிரத்துச் சொச்சம், ஒரு கைபேசி. வீடு வாடகை. மனைவியின் தோடு அவர் தாய்வீட்டில் போட்டது; அது கணவரின் சொத்தே அல்ல. நல வாரிய நிவாரணம் குடும்பத்துக்கு வருவது. இறந்தவரின் சொத்துக் கணக்கில் சேராது என்பது எங்கள் வாதம். கையெழுத்துப் போடாத கடனுக்காக மனுதாரரின் சிபில் மதிப்பெண் குறையவும் வழியில்லை. பள்ளியில் படிக்கும் பையனின் சிபில் என்பது சும்மா மிரட்டல்.

போலீஸ் மிரட்டலும் அப்படித்தான். கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றம் அல்ல. வசதி இருந்தும் வேண்டுமென்றே ஏய்க்கிறவரைத் தவிர, வெறும் இயலாமைக்காக ஒருவரைச் சிறையில் தள்ளக் கூடாது என்று 1980இலேயே உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிவிட்டார். பணத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகப் பெண்ணைக் கைது செய்யவோ சிவில் சிறையில் வைக்கவோ உரிமையியல் சட்டத்தின் 56ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. அதே சட்டத்தின் 60ஆம் பிரிவு, உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கைக்கருவி, சமய வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை ஆகியவற்றை ஜப்தி செய்யவே முடியாது என்று விலக்கி வைத்திருக்கிறது. தாலியைக் கழற்றி வை என்று பேசும் முகவர்கள் இருக்கிறார்கள்; நீதிமன்றத்துக்கே இல்லாத அதிகாரம் அது.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவும், வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் தவணை பணமின்றித் திரும்பினால் 2007ஆம் ஆண்டுப் பணம் செலுத்துதல், தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவும் குற்ற வழக்குக்கு இடம் கொடுக்கின்றன. அதற்கும் முதலில் எழுத்து மூலமான நோட்டீஸ் வர வேண்டும், கட்டுவதற்கு 15 நாள் அவகாசம் தர வேண்டும். இறந்தவர் மீது அந்த வழக்கும் நடக்காது.

வாட்ஸ்அப்பில் ஒரு தாளும் வந்திருந்தது. மேலே தராசுப் படம், நடுவில் சிவப்பு எழுத்தில் "இறுதி நீதிமன்ற அறிவிப்பு", கீழே ஒரு வழக்கறிஞரின் முத்திரை போல ஏதோ ஒன்று. வழக்கு எண் இல்லை. எந்த ஊர் நீதிமன்றம் என்றும் இல்லை. உண்மையான வழக்கு என்றால் எழுத்தும் இலக்கமுமாக 16 இடம் கொண்ட சி.என்.ஆர். என்ற வழக்கு அடையாள எண் இருக்கும், நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் அதைப் போட்டால் வழக்கின் நிலை தெரிந்துவிடும். லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) நோட்டீஸ் என்று அனுப்புவதும் இப்போது பரவலாக இருக்கிறது. லோக் அதாலத்தில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் தீர்வு. போகாவிட்டால் கைது என்பது கதை.

ஒரு பக்கக் கடிதம்

முகவரிடம் இனிப் பேச வேண்டாம் என்று மனுதாரருக்குச் சொன்னோம். அழைத்தால் ஒரே பதில்: "உங்கள் பெயரும் நிறுவனத்தின் அங்கீகாரக் கடிதமும் அனுப்புங்கள், மற்றதை எழுத்தில் பேசிக்கொள்ளலாம்." அழைப்பு வந்த நேரத்தையும் எண்ணையும் பையனின் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவரச் சொன்னோம். அதன் பிறகு நிதி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் ஒரு கடிதம் போனது. அதன் நடுப்பகுதி இது:

"என் கணவர் இறந்துவிட்டார்; இறப்புச் சான்றிதழ் இணைத்துள்ளேன். இந்தக் கடனில் நான் இணைக் கடனாளியோ ஜாமீன்தாரரோ அல்ல. அப்படி என்றால் என் கையெழுத்துள்ள ஆவணத்தின் நகலை அனுப்பவும். கடன் ஒப்பந்தம், முக்கிய விவர அறிக்கை, இன்றுவரையிலான கணக்கு அறிக்கை, இந்தக் கடனுடன் பிடித்தம் செய்யப்பட்ட இன்சூரன்ஸ் விவரம், வசூலுக்கு நீங்கள் நியமித்த முகவரின் பெயர் ஆகியவற்றை எழுத்து மூலம் தரவும். அதுவரை என்னையும் என் உறவினர்களையும் தொலைபேசியில் அழைக்க வேண்டாம். கீழ்க்கண்ட தேதிகளில் கீழ்க்கண்ட எண்களிலிருந்து விதிமுறைக்கு மாறாக அழைப்புகள் வந்துள்ளன."

கடிதத்தில் "கடனைக் கட்டுகிறேன்", "அவகாசம் கொடுங்கள்" என்ற சொற்கள் வராதபடி பார்த்துக்கொண்டோம். பொறுப்பு யாருடையது என்று தெரியும் முன்பே அவகாசம் கேட்டால், பொறுப்பை ஏற்றதாகப் பின்னால் காட்டுவார்கள். "கணக்கு உயிரோடு இருக்க 500 ரூபாயாவது போடுங்கள் அக்கா" என்று முகவர் கெஞ்சியதன் நோக்கமும் கிட்டத்தட்ட அதுதான். பழைய கடன்களில் இதற்கு இன்னொரு கோணம் உண்டு. மூன்று ஆண்டு கால வரம்பு முடிவதற்குள் ஒரு சிறு தொகை கட்டினாலோ, கடன் உண்டு என்று எழுதிக் கொடுத்தாலோ, காலவரையறைச் சட்டப்படி அந்த மூன்று ஆண்டு புதிதாக ஓடத் தொடங்கும்.

மனுதாரரின் தம்பி ஏற்கெனவே பயந்துபோய் முகவரின் சொந்த ஜிபே எண்ணுக்கு 2,000 ரூபாய் அனுப்பியிருந்தார். டிஜிட்டல் கடனில் திருப்பிச் செலுத்தும் பணம் கடன் கொடுத்த நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போக வேண்டும். இடையில் மூன்றாவது ஆளின் கணக்கு வரக் கூடாது. 2022இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி இது. 2025 மே மாதத்து நெறிமுறையிலும் தொடர்கிறது. கடனாளியை அணுகும் முன் முகவர் யார் என்பதை மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ நிறுவனம் தெரிவிக்க வேண்டும் என்பதும், செயலி கைபேசியின் தொடர்புப் பட்டியலைத் தொடக் கூடாது என்பதும் அதே விதித்தொகுப்பில்தான் உள்ளன.

காகிதம் வந்தபோது

பதில் மின்னஞ்சலில் வந்தது. கணக்கு அறிக்கைப்படி நிலுவை 48,600 ரூபாய். முகவர் கேட்டது 71,000. நடுவில் உள்ள 22,400 ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதற்கு நிறுவனம் கடைசி வரை விளக்கம் தரவில்லை. "அப்படி ஒரு தொகையை நாங்கள் கோரவில்லை" என்று ஒரு வரி எழுதியது. தாமதத்துக்கு அபராதம் வாங்கலாம்தான். ஆனால் 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கைப்படி அதை அபராத வட்டியாகக் கூட்டக் கூடாது. அபராதக் கட்டணமாகத் தனியே காட்ட வேண்டும், அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. வாய்க்கணக்கில் இந்த விதி எதுவும் செல்லுபடி ஆகாது. அதனால்தான் வாயால் கேட்கிறார்கள்.

பெரிய திருப்பம் முக்கிய விவர அறிக்கையில் இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன் எல்லாவற்றுக்கும் இந்த அறிக்கை கட்டாயம். கடனாளிக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். ஆண்டுக்கு மொத்தச் செலவு விகிதம், கட்டணங்கள், வசூல் முகவர் பற்றிய ஒப்பந்தப் பிரிவு, குறைதீர்ப்பு அதிகாரியின் தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் அதில் இருக்கும். இந்த அறிக்கையின் கட்டணப் பகுதியில், செயலாக்கக் கட்டணத்துக்குக் கீழே, மூன்றாம் தரப்புக்கான தொகை என்று ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் இருந்தது. கடனோடு இணைந்த ஆயுள் இன்சூரன்ஸ் பிரீமியம். கடனாளி இறந்தால் நிலுவைத் தொகையை இன்சூரன்ஸ் நிறுவனம் கடன் கணக்கில் செலுத்த வேண்டும் என்பதற்காகவே பிடிக்கப்பட்ட பணம். பாலிசிச் சான்று கணவரின் மின்னஞ்சலுக்கு வந்து திறக்கப்படாமல் கிடந்தது. நியமனதாரர் (நாமினி): மனைவி.

அதாவது, கடன் கொடுத்த நிறுவனத்துக்குப் பணம் வர வழி ஏற்கெனவே அதன் கோப்பிலேயே இருந்தது. அதை விட்டுவிட்டு விதவையை விரட்டிக்கொண்டிருந்தார்கள். வேண்டுமென்றே செய்ததாக நான் நினைக்கவில்லை. வசூல் பிரிவு வேறு, இன்சூரன்ஸ் பிரிவு வேறு. ஒன்றின் கை மற்றதற்குத் தெரியாது. வசூல் முகவருக்கோ கையில் வாங்கும் பணத்தில்தான் கமிஷன். இன்சூரன்ஸ் மூலம் கடன் அடைந்தால் அவருக்கு ஒரு காசும் கிடையாது. அவர் ஏன் சொல்லப்போகிறார்? கடனாளி இறந்த வீட்டுக்கு அழைப்பு வந்தால், பிடித்தம் செய்த இன்சூரன்ஸ் உண்டா என்ற கேள்விக்குப் பதில் வரும் வரை ஒரு ரூபாயும் நகரக் கூடாது என்பது இந்தக் கோப்பிலிருந்து நாங்கள் வழக்கமாக்கிக்கொண்ட நடைமுறை.

இறப்புச் சான்றிதழ், மருத்துவமனைச் சீட்டு, நியமனதாரரின் பாஸ் புத்தக நகல் ஆகியவற்றோடு கோரிக்கை போனது. இரண்டு முறை ஏதோ ஒரு காகிதம் குறைகிறது என்று திருப்பினார்கள். இழுத்தடித்தாலும் கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள்.

பைக்

இங்கே கதை வேறு. பைக் கடனில் மனுதாரர் ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருந்தார். "ஷோரூமில் போடச் சொன்னார்கள், போட்டேன்" என்றார். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். இந்தக் கடனை அவர் கட்டத்தான் வேண்டும். அதை முதல் நாளே வெளிப்படையாகச் சொன்னோம். அவருக்கு முகம் வாடியது. நுகர்வோர் உரிமை என்ற பெயரில் கடன் தள்ளுபடியை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

ஆனால் வண்டியை எடுத்த விதம் சரியில்லை. வசூலுக்கு வந்த இருவர், வீட்டில் இருந்த மனுதாரரின் மைத்துனரிடம் சாவியை வாங்கி, ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு பைக்கை, பிடித்த வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தாளின் நகலை வாங்கிப் பார்த்தால், "மனமுவந்து வாகனத்தை ஒப்படைக்கிறேன்" என்று இருக்கிறது. மைத்துனர் கடனாளியும் அல்ல, ஜாமீனும் அல்ல, சட்டப்படி முதல் வாரிசும் அல்ல. வாரிசுகள் மனைவி, பிள்ளை, இறந்தவரின் தாய். தன்னுடையது அல்லாத வண்டியை ஒருவர் மனமுவந்து ஒப்படைப்பது எப்படி? வண்டி பறிப்பில் இந்தத் தாள் ஒரு பழைய வித்தை. பறித்ததைக் கொடுத்ததாக மாற்றிக் காட்டுவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள்.

சட்டம் இரண்டு பக்கமும் வெட்டும். ஒப்பந்தத்தில் இடமிருந்தால் தவணை தவறிய வண்டியை நிதி நிறுவனம் எடுத்துக்கொள்ளலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2020 உட்படப் பலமுறை ஏற்றிருக்கிறது. எடுக்கும் முறைதான் கேள்வி. 2007 பிப்ரவரியில் ஐசிஐசிஐ வங்கி சம்பந்தப்பட்ட ஒரு வாகனக் கடன் வழக்கில், அடியாட்களை வைத்து வங்கிகள் வண்டியைப் பிடுங்கக் கூடாது, சட்டப்படியான வழியில் மட்டுமே எடுக்க வேண்டும் என்று அந்த நீதிமன்றம் சொன்னது. அதே வங்கி தொடர்பான டெல்லி வழக்கு இன்னும் கனமானது. 2005இல் இருசக்கர வாகனக் கடனுக்காக முகவர்கள் அவமானப்படுத்தி வண்டியைக் கொண்டுபோன பின் ஓர் இளைஞர் உயிரை மாய்த்துக்கொண்டதாக அவருடைய தாய் உயர் நீதிமன்றம் போனார். வசூல் முறையைக் கண்டித்து உயர் நீதிமன்றம் எழுதிய வரிகளை நீக்கச் சொல்லி வங்கி மேல்முறையீடு செய்தது. 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம் நீக்க மறுத்துவிட்டது. முகவர்களுக்கான ரிசர்வ் வங்கியின் விரிவான நெறிமுறை அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 2008 ஏப்ரல் 24இல் வந்திருந்தது. முகவர் அடையாள அட்டையும் அங்கீகாரக் கடிதமும் கொண்டுவர வேண்டும் என்பதும், கடனாளியின் புகார் நிலுவையில் இருக்கும்போது அந்தக் கணக்கை வங்கி வசூல் முகமைக்கு அனுப்பக் கூடாது என்பதும் அதில் உள்ளவை.

"முகவர் செய்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று எந்த நிறுவனமும் தப்ப முடியாது. 2022 செப்டம்பரில் ஜார்க்கண்டின் ஹசாரிபாகில், தவணை பாக்கிக்காக ஓட்டிச் செல்லப்பட்ட டிராக்டரில் சிக்கி ஒரு கர்ப்பிணி இறந்தார். சில நாட்களில், செப்டம்பர் 22 அன்று, வெளியாட்களை வைத்து வசூலிப்பதை உடனே நிறுத்தும்படி மகிந்திரா அண்டு மகிந்திரா ஃபைனான்சியல் சர்வீசஸுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2023 ஜனவரியில்தான் அந்தத் தடை விலகியது. ஓர் உயிர் போன பிறகு வந்த வேகம்.

நம் வழக்கில், ஒப்பந்தத்தின் நோட்டீஸ் பிரிவைச் சுட்டிக்காட்டி, ஒப்படைப்புத் தாள் செல்லாது என்று எழுதினோம். வண்டியை எடுக்கும் முன் தர வேண்டிய நோட்டீஸ், விற்கும் முன் தர வேண்டிய கடைசி வாய்ப்பு இரண்டும் கடன் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்பது நிதி நிறுவனங்களுக்கான நியாய நடைமுறை விதி. ஏலம் நின்றது. யார்டு வாடகையைக் கழித்தார்கள். வண்டி தேவையில்லை என்று மனுதாரரே முடிவு செய்ததால், விற்ற தொகை போக மீதியை மாதத் தவணையாகக் கட்ட எழுத்தில் ஒப்பந்தமானது. அதை அவர் கட்டி வருகிறார்.

குழுக் கடனும் காவல் நிலையமும்

குழுக் கடன் அவருடையதே. அதில் விவாதம் இல்லை. மைக்ரோ ஃபைனான்ஸ் வசூலுக்கு நேரம் இன்னும் குறுகியது: காலை 9 முதல் மாலை 6 வரை. பேசி முடிவு செய்த பொது இடத்தில்தான் வசூலிக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ அங்கே வராவிட்டால் மட்டுமே வீட்டுக்கு வரலாம். 2022 மார்ச் மாதத்து விதி இது. மொத்தக் கடன் தவணை குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. அதைக் காட்டித் தவணையைக் குறைக்கச் சொல்லி மனு கொடுத்தோம். மற்ற உறுப்பினர்களை உட்கார வைத்து "இவர் கட்டாமல் யாரும் எழுந்து போகக் கூடாது" என்று வசூலுக்கு வந்தவர் சொல்வது மட்டும் உடனே நின்றது.

காவல் நிலையத்தில் முதலில் வழக்கமான பதில்: "பணம் வாங்கினீர்கள் அல்லவா, இது சிவில் விஷயம்." கடன் சிவில்தான், ஒரு பெண்ணை ஆபாசமாகப் பேசுவதும் மிரட்டுவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 79, 351 பிரிவுகளில் வரும் குற்றங்கள். கடனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல், பேசிய சொற்கள், நேரம், எண் மட்டும் வைத்து மனுவைத் திருத்தி எழுதிக் கொடுத்தபோது, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. அந்த ரசீதின் நகல் நிறுவனத்துக்குப் போன பிறகு அழைப்பு நின்றுவிட்டது. விதிமுறைகளை எல்லாம் மேற்கோள் காட்டிய எங்கள் கடிதத்தைவிட இந்தச் சின்ன ரசீதுக்கு மதிப்பு அதிகம் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இவை பதிவுபெற்ற நிறுவனங்களுக்குப் பொருந்தும். தெருவில் தண்டல், மீட்டர் வட்டி கொடுப்பவர் என்றால் ரிசர்வ் வங்கி விதி ஒன்றும் செய்யாது. 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. செயலியே போலி என்றால் 1930 என்ற சைபர் குற்ற எண்.

கோப்பின் இப்போதைய நிலை: தனிநபர் கடன் இன்சூரன்ஸ் மூலம் அடைந்து, நிலுவை இல்லைச் சான்று கைக்கு வந்துவிட்டது. நல வாரிய விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. தம்பி அனுப்பிய 2,000 ரூபாய் மட்டும் கணக்கு அறிக்கையில் எங்கும் இல்லை. நிறுவனத்துக்கு எழுதி 30 நாள் ஆகியும் சரியான பதில் இல்லாததால், 2021ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். என்ற இணையப் புகார்த் தளம் வழியாகப் புகார் பதிந்திருக்கிறோம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை, 14448 எண்ணில் விவரம் கேட்கலாம். அந்த ஜிபே எண் தங்கள் முகவருடையது அல்ல என்கிறது நிறுவனம். அதே எண்ணிலிருந்து, கணவரின் கடன் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு வந்த வாட்ஸ்அப் செய்தியின் படத்தைப் புகாரோடு இணைத்திருக்கிறோம்.